அமாவாசை எத்தனை மணிக்கு?

சுண்டுவின் அம்மாவும் சித்தியும் சேர்ந்து ஒரு தையல்கடை தொடங்குவதாக ஏற்பாடு. துணி வெட்டுவது அம்மா, தைப்பது சித்தி. அம்மா வெட்டினால் ஒரு நூல்கூடப் பிசகாது. சித்தி தைத்தால் தையல் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போல் இருக்கும். ஆனால் அம்மாவுக்குத் தைக்கப் பொறுமை கிடையாது. சித்திக்கு வெட்டக் கை வராது. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் கடை இல்லை.

கடைக்கு வெள்ளையடித்தாயிற்று. மேசையும் மிஷினும் ஆளுயரக் கண்ணாடியும் வந்தாயிற்று. முதல் வேலையும் கிடைத்துவிட்டது. சுண்டுவின் பள்ளிப் பாட்டுக் குழுவுக்கு இருபத்திரண்டு சீருடை. வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் துணியோடும் பிள்ளைகளோடும் வருவதாகப் பாட்டு டீச்சர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா நாள்காட்டியைப் பார்த்தார். அதில் வந்தது வம்பு.

"வியாழக்கிழமை அமாவாசையா? அன்னைக்கு நான் புதுத் துணியில கத்தரி வைக்க மாட்டேன்."

"அமாவாசை அன்னைக்குத்தானே தொடங்கணும், அக்கா" என்றார் சித்தி. "நிலா அன்னைல இருந்து வளருது. கடையும் கூடவே வளரும். அதுவும் இந்த அமாவாசை என் ராசியிலயே வருது."

"வானத்துல நிலாவே இல்லாத நாள். இருட்டுல என்னத்தைத் தொடங்குறது?"

"விதையைக்கூட இருட்டுலதான் போடுறோம்."

"விதையை மண்ணுக்குள்ள போடுறோம். நான் மேசை மேல துணி வெட்டுறேன்."

சித்தியிடம் ஒரு சின்ன நோட்டு உண்டு. ஒவ்வோர் அமாவாசைக்கும் ஓர் ஆசையை அதில் எழுதி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். இப்போது அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

"இதுவரைக்கும் எத்தனை எழுதியிருக்க?" என்று கேட்டார் அம்மா.

"நாற்பத்தொண்ணு."

"நடந்தது?"

"நாலு. நடந்துக்கிட்டு இருக்கிறது நிறைய."

அம்மாவிடமும் சாட்சி இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஓர் அமாவாசையன்று ஒரு சட்டை வெட்டினார். வெட்டி முடித்துப் பார்த்தால் இரண்டு கையும் இடது கை. துணியைத் திருப்பிப் போட மறந்திருந்தார்.

"அன்னைக்கு நீ போன் பேசிக்கிட்டே வெட்டின" என்றார் சித்தி. "நிலாவா உன்னைக் கூப்பிட்டுப் பேசுச்சு?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "டீச்சரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லு."

"வெள்ளிக்கிழமைன்னா வேற கடைக்குப் போயிடுவோம்னு அவங்க அப்பவே சொல்லிட்டாங்க."

அத்தோடு பேச்சு நின்றது. அதன் பிறகு எல்லாம் சுண்டு வழியாகத்தான்.

"சுண்டு, உன் சித்திகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது."

"சுண்டு, உங்கம்மாகிட்ட சொல்லு, நான் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஒரே மேசை. இருவருக்கும் நடுவில் சுண்டு. "உங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேட்குது?" என்று அவள் கேட்டாள்.

திங்கட்கிழமை சித்தி அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினார்.

"எதுக்கு சித்தி பெட்டி?"

"வியாழக்கிழமை கடை திறக்கலைன்னா நான் பழைய கம்பெனிக்கே போயிடுறேன். சூப்பர்வைசர் என் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கல."

அந்தக் கம்பெனிக்கு ரயிலில் எட்டு மணி நேரம் போக வேண்டும். சித்தி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சுண்டுவின் அறையில், சுண்டுவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். விளக்கை அணைத்த பிறகும் பேச ஆள் இருப்பது எவ்வளவு நல்லது என்று இந்த இரண்டு மாதத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் அறிவியல் சாரிடம் போனாள்.

"சார், அமாவாசை நல்லதா கெட்டதா?"

"அது எனக்குத் தெரியாது. எத்தனை மணிக்குன்னு கேளு, சொல்றேன்."

"மணியா? அது நாள் இல்லையா, சார்?"

"பேச்சுக்கு நாள்னு சொல்றோம். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவுல நிலா வந்து நேராகுதில்ல, அந்த நேரம்தான் அமாவாசை. அது வரைக்கும் தேயும். அப்புறம் வளரும்." சார் செய்தித்தாளைப் பிரித்து, மழை வெயில் போடும் மூலையில் விரல் வைத்தார். "இதோ பாரு. வியாழன், காலை 11.14."

சுண்டு அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கடிதம் எழுதி, இருவர் கண்ணிலும் படும்படி முகம் கழுவும் இடத்துக் கண்ணாடியில் ஒட்டினாள்.

"அம்மாவுக்கும் சித்திக்கும்,

நான் நலம். நீங்கள் நலமாக இருப்பதை தினமும் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை முழுவதும் அமாவாசை இல்லை. 11.14 மணிக்குத்தான் அமாவாசை. அதனால் அம்மா 11.14க்கு முன்னால் வெட்டலாம். சித்தி 11.14க்குப் பின்னால் தைக்கலாம். எப்படியும் வெட்டிய பிறகுதானே தைக்க முடியும்.

சித்தி பெட்டியை மேலே எடுத்து வைக்கவும். என் கால் இரண்டு முறை இடித்துவிட்டது.

இப்படிக்கு,
சுண்டு"

முதலில் படித்தவர் சித்தி. "சுண்டு, 11.14க்கு முன்னாடி தேயுற நிலா ஆச்சே. அதுல வேலை தொடங்கலாமா?"

சுண்டு கொஞ்சம் யோசித்தாள். "வெட்டினா துணி குறையத்தானே செய்யும்? தைச்சாத்தானே அது சட்டையா வளரும்?"

சித்தி பல் துலக்கப் போனார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சுண்டு, உன் சித்திகிட்ட சொல்லு. 11.14 ஆயிடுச்சுன்னா நான் கத்தரியைத் தொட மாட்டேன்."

"சுண்டு, உங்கம்மாகிட்ட சொல்லு. 11.15க்கு முன்னாடி நான் மிஷின்ல கால் வைக்க மாட்டேன்."

வியாழக்கிழமை பாட்டுக் குழு பள்ளியிலிருந்து நடந்தே கிளம்பியது. சுண்டுவும் அந்தக் குழுவில் இருந்தாள். பாதி வழியில் ஒரு பையனின் செருப்பு வார் அறுந்தது. டீச்சர் ஊக்கு தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். கடைக்குள் நுழையும்போது மணி 11.07.

அம்மா அளவு நாடாவோடு வாசலிலேயே நின்றிருந்தார். சித்தி மிஷின் முன்னால் உட்கார்ந்து கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருகைப் பதிவேட்டு வரிசைப்படிதான் அளவெடுக்கணும்" என்றார் டீச்சர். முதலில் நின்ற பையனுக்குக் கூச்சம் அதிகம். நாடா இடுப்பில் பட்டதும் நெளிந்து சிரித்தான். தோளில் பட்டாலும் சிரித்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம் மூச்சு விடாம நில்லு."

"நான் நிக்கிறேன் ஆன்ட்டி. நாடாதான் கிச்சுகிச்சு மூட்டுது."

மணி 11.10. அம்மாவின் நெற்றி வேர்த்தது. நாடாவை மடக்கி மேசையில் வைத்தார். இனி முடியாது என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறக்கிறார் என்பது சுண்டுவுக்குப் புரிந்தது. வரிசையை விட்டு முன்னால் ஓடி வந்தாள்.

"அம்மா, என் அளவு உனக்கு மனப்பாடம்தானே? முதல்ல என்னோடதை வெட்டு."

அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். "கை மட்டும் அரை அங்குலம் நீண்டிருக்கு" என்றபடி நீலத் துணியை விரித்தார். சுண்ணக்கட்டி இழுத்த கோடு வளைந்து ஓடியது. கத்தரி 11.12க்குத் துணியில் இறங்கியது. இருபத்திரண்டு பிள்ளைகளும் வாய் மூடி நின்றதால் துணி வெட்டுப்படும் சத்தம் நன்றாகக் கேட்டது.

முதல் துண்டு சித்தியின் கைக்கு வந்தபோது 11.13. சித்தி அதை ஊசிக்கு அடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். என்ன விஷயம் என்று தெரியாமலே பிள்ளைகள் எல்லாரும் கைப்பேசியை எட்டிப் பார்த்தார்கள். 11.14. 11.15 என்று காட்டியதும் மிஷின் ஓடத் தொடங்கியது.

"நூல் இன்னும் கொஞ்சம் கருநீலமா இருந்தா நல்லா இருக்கும்" என்றார் அம்மா.

"மேல் தட்டுல இருக்கு, எடுத்துக் குடு அக்கா."

அம்மா எடுத்துக் கொடுத்தார். சித்தி வாங்கிக் கோத்தார். நேருக்கு நேர் பேசிவிட்டதை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்த சுண்டு வாயைத் திறக்கவில்லை.

அம்மா மற்ற பிள்ளைகளுக்கு அளவெடுத்து, அடுத்த துணியையும் விரித்தார்.

"மணி பன்னிரண்டு ஆகப்போகுது, அக்கா. இன்னும் கத்தரியை வச்சிருக்க" என்றார் சித்தி.

"தொடங்கியாச்சு. இனிமே நிலா எங்க போனா எனக்கென்ன."

எல்லாம் முடிந்ததும் பாட்டு டீச்சர் குறிப்பேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "சரி, சீருடை வாங்க நாங்க என்னைக்கு வரட்டும்?"

அம்மா நாள்காட்டிப் பக்கம் திரும்பினார். சித்தி கைப்பையிலிருந்து ராசிபலன் பக்கத்தை எடுத்தார். சுண்டு சட்டென்று இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தைச்சு முடிஞ்ச மறுநாள் வாங்க, டீச்சர்."