எண்ணெய் ஏறாத வண்டி

டேங்கி மூடியைத் திருகியதும் வண்டி மூச்சை இழுத்தது.

டிலுக்ஷிக்கு அப்படித்தான் கேட்டது. மூக்கடைத்த குழந்தை தூக்கத்தில் இழுப்பதைப் போல நீளமான, ஈரமான ஓசை. அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தான் அவள் கணவன் அன்டன்.

"இம்புட்டுத்தான் வெசயம். மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. உள்ள காத்து போகாட்டி எண்ணெய் எப்பிடி எஞ்சினுக்கு வரும்? ஊசி இருக்கா டீச்சரம்மா?"

அவள் சால்வையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் ஓட்டையைக் குத்தி, ஊதி, மூடியைத் திருப்பி மாட்டினான். கெப் வண்டி இருமலோடு கிளம்பியது.

"பயந்துட்டியா?"

"எனக்கென்ன பயம்? ஒங்க கெழட்டு வண்டிதான் இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

வாய் அப்படிச் சொன்னாலும் அவள் கை வயிற்றை விட்டு அகலவில்லை. இது எட்டாம் மாதம். ஐந்து வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. காலையில் இனிப்புத் தேத்தண்ணி குடித்தால் போதும், உள்ளே ஆட்டம் தொடங்கிவிடும். இரண்டு உதை, கொஞ்சம் ஓய்வு, பிறகு குதிகாலால் வயிற்றுத் தோலை உள்ளிருந்து தடவிக்கொண்டே ஒரு புரளல். பாலர் பாடசாலையில் அவள் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது சேலை துள்ளுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். இன்று தேத்தண்ணி குடித்தாள். இடப்பக்கமாகப் படுத்தாள். அன்டன் வயிற்றில் வாயை வைத்து, "டேய் மகனே, மகளே, யாரா இருந்தாலும் எந்திரி" என்று கூப்பிட்டான். ஒன்றுமில்லை.

உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார் மிட்வைஃப் மிஸ். பெரிய ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. இந்த மழையில் தோட்டத்து ரோட்டுக்கு எந்த ஆட்டோக்காரனும் வரவில்லை. அதனால்தான் அன்டன் கந்தப்பளைக்கு மரக்கறி ஏற்றப் போய்வரும் இந்தப் பழைய கெப் வண்டியில் இந்த ஆளில்லாத தேயிலைக் காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

மழை விட்டிருந்தது. பொழுது சாயும் முன்னரே மலைச்சரிவிலிருந்து மூடுபனி இறங்கி, தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டு ரோட்டை நோக்கி வந்தது. சவுக்கு மரங்களிலிருந்து சொட்டிய நீர் வண்டிக் கூரையில் யாரோ விரலால் தட்டுவதைப் போல விட்டு விட்டு விழுந்தது. ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் திணறி, ஒருமுறை குலுங்கி, நின்றுபோனது.

அன்டன் பானட்டைத் தூக்கினான். டீசல் பில்டருக்கு மேலிருந்த கை பம்பைப் பெருவிரலால் அமுக்கினான். அது உள்ளே போனது. திரும்ப மேலே வரவில்லை.

"இங்க பாரு டிலு. அமுக்குனது அப்பிடியே நிக்குது. டேங்கிப் பக்கம் எதோ புடிச்சு வச்சிருக்கு."

அவள் இறங்கி அருகில் வந்து நின்றாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் விரல் வைக்காமலே, பம்ப் மெதுவாக மேலெழுந்தது.

"விட்டுருச்சு" என்றான் அன்டன்.

"எது?"

"குப்பைதான். துணித் துண்டா இருக்கும், எலையா இருக்கும். உள்ள மெதந்துக்கிட்டே திரியுது. எஞ்சின் எண்ணெய உறிஞ்சுறப்போ கொழாய் வாயில வந்து ஒட்டிக்குது. எஞ்சின் நின்னதும் விட்டுருது."

வாயை வைத்துச் சப்புகிறது, பிறகு விடுகிறது. அந்த நினைப்பு ஏன் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுபடி கிளம்பினார்கள். இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. வண்டி நின்றது. காத்திருந்து, பம்ப் அடித்து, கிளம்பி, அடுத்த பாலத்தருகே மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. போனில் சிக்னல் இல்லை. அவள் வயிற்றை அழுத்தினாள், தட்டினாள், விரல் நுனியால் கெஞ்சினாள்.

"அழாத டிலு. இரு, இன்னொரு வழி இருக்கு."

சீட்டுக்குப் பின்னாலிருந்து சின்னக் கேன் ஒன்றை எடுத்தான் அன்டன். அதில் இரண்டு போத்தல் டீசல் கிடந்தது. டேங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பில்டரிலிருந்து ஒரு ஹோஸை நேராகக் கேனுக்குள் விட்டான். சாவியைத் திருகியதும் எஞ்சின் சீராக, உறுதியாகப் பாடத் தொடங்கியது. அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? பம்ப் நல்லாயிருக்கு, பில்டரும் நல்லாயிருக்கு. கோளாறெல்லாம் டேங்கியிலதான். அடியில இருக்கிற ஆணியக் கழட்டிக் கேனை ரொப்பிக்கிறேன். நீ கேனை மடியில வச்சுக்க. ஒரே மூச்சுல டிக்கோயா."

எஞ்சினை அணைத்து, கேனோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அவள் சிரமப்பட்டுப் பக்கத்தில் முட்டிபோட்டாள். ஈர மண், டீசல், நசுங்கிய தேயிலை எல்லாம் கலந்த நெடி மூக்கில் ஏறியது.

"போன கெழமதானே டேங்கியக் கழட்டிக் கழுவுனீங்க? அப்பறம் எப்பிடிக் குப்பை வரும்?"

"அதான் எனக்கும் புரியல. சேறெல்லாம் போகக் கழுவுனேன். லயத்துப் பைப்புல தண்ணி வரல, மேல் பீலிக்குத் தூக்கிட்டுப் போயி..."

"மேல் பீலிக்கா?"

"ஏன்? மலையிலருந்து நல்லாத் தண்ணி ஊத்துற பீலிதானே?"

மேல் பீலிக்கு மேலே, கைவிடப்பட்ட தேயிலை மலையில்தான், பேர் வைப்பதற்கு முன்னரே போய்விட்ட பிள்ளைகளைப் புதைப்பார்கள். கல் இல்லை. சிலுவை இல்லை. அந்த மலைக்குள் ஊறி வருவதுதான் அந்தத் தண்ணீர். வயிற்றில் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை ஒரு செம்புகூட எடுக்க மாட்டார்கள். பெண்களுக்கு இது தெரியும். ஆண்களிடம் சொன்னால் பொம்பளைக் கதை என்று சிரிப்பார்கள். அதனாலேயே யாரும் சொல்வதில்லை. அவளும் சொல்லியிருக்கவில்லை.

"டோர்ச்ச இப்பிடித் திருப்பு."

திருப்பினாள். நிலைகொள்ள இன்னொரு கையை டேங்கியின் பக்கவாட்டில் ஊன்றினாள்.

தகரம் சூடாக இருந்தது. எஞ்சின் சூடு என்று நினைத்தாள். ஆனால் எஞ்சின் வண்டியின் முன்னால் இருந்தது, அதன் சூடு இவ்வளவு தூரம் வராது. இது வேறு சூடு. போர்வைக்குள் கிடக்கும் உடம்பின் சூடு.

உள்ளே ஏதோ புரண்டது.

எண்ணெய் குலுங்குகிறது. அன்டன் ஸ்பேனரைத் திருப்புகிறான், அதனால் குலுங்குகிறது.

டொக். டொக்.

கொஞ்சம் ஓய்வு.

பிறகு அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, தகரத்தின் மறுபக்கத்தில், சின்னதாக, உருண்டையாக ஒன்று அழுத்திக்கொண்டே மெல்ல நகர்ந்து போனது.

குதிகால்.

ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவிலும் தன் பிள்ளையை அவளுக்குத் தெரியும்.

டோர்ச் கீழே விழுந்தது. அந்தக் கையால் வயிற்றைப் பிடித்தாள். அமைதி. டேங்கியைத் தொட்டாள். உதை.

"என்னங்க. தெறக்காதீங்க."

"என்னா? சத்தமாச் சொல்லு."

"தெறக்காதீங்க! ஒங்கள கும்புட்டுக் கேக்குறேன், தெறக்காதீங்க!"

"கழண்டுருச்சு டிலு. ஏய்... இது எண்ணெய் இல்ல, தண்ணி! அடேயப்பா, எம்புட்டுத் தண்ணி! அதான் வண்டி..." அவன் குரல் நின்றது. மறுபடி வந்தபோது சிரிப்பு இல்லை. "வெதுவெதுன்னு இருக்கு. வழுவழுன்னு. கையில ஒட்டுது."

வண்டிக்கு அடியிலிருந்து நிறமில்லாத நீர் நுரைத்து ஓடிவந்தது. தகரத்துக்குள் உதைகள் வேகமாயின. ஓய்வில்லை. ஒழுங்கில்லை. நீர் வற்ற வற்ற அங்குமிங்கும் முட்டிக்கொண்டு, பதறிக்கொண்டு.

"அடைங்க! நம்ம பிள்ளை அது! அடைங்க!"

எழுந்தாள். எழுந்த வேகத்தில் அடிவயிற்றில் ஏதோ அறுந்தது. தொடைகளுக்கு நடுவே குபுக்கென்று கொட்டியது. பனிக்குடம் உடைந்துவிட்டது, அவ்வளவுதான், பனிக்குடம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் குளிர்ந்தது. பனிக்கட்டியைப் போலக் குளிர்ந்தது.

கீழே கிடந்த டோர்ச்சின் வெளிச்சம் அவள் பாதங்களில் விழுந்திருந்தது. குனிந்து பார்த்தாள். செருப்பைச் சுற்றித் தேங்கிய மழைநீரின்மேல் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு படலம் மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. சேலை கால்களோடு ஒட்டிக்கிடக்க, அவளுக்குள்ளிருந்து டீசல் வழிந்துகொண்டே இருந்தது.