பெட்டியில் அடங்காத சொல்

குறிப்புப் பெட்டி சொற்களை விழுங்கிக்கொண்டிருந்தது.

தமிழ்ச்செல்வி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். சித்தாள் வேலையில் இடுப்பு விட்டுப்போன பிறகு, நாற்பது வயதுக்கு மேல், மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள் அவள். இன்றும் விரலை வைத்துத்தான் வாசிப்பாள். விரல் கணினித் திரையில் நகர்ந்து பெட்டியின் வலது ஓரத்தில் முட்டி நின்றது. 'இரண்டாவது மோட்டார் ஓட'. அதற்கு மேல் இல்லை. பெட்டிக்குள் சொடுக்கினாலும் கர்சர் நிற்கவில்லை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய இறால் குஞ்சுப் பண்ணை அது. தொட்டிகளுக்குக் காற்று ஊதும் எந்திரத்தின் இரைச்சல் சுவர் வழியாக வந்து பல்லில் உட்கார்ந்தது. ப்ளீச்சிங் பவுடர் வாடை, செத்த இறால் வாடை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று, வெயிலே படாத மணலின் வாடை. அது மட்டும் அறைக்குள்ளிருந்து வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் அவள் புருஷன் முனிசாமி உட்கார்ந்திருந்தான், அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக.

முந்தாநாள் பண்ணைக்குக் கடல்தண்ணீர் எடுக்கும் கிணற்றில் மணல் வார இறங்கியவன், கயிறு அறுந்து, வெகுநேரம் கழித்துத்தான் மேலே வந்தான். வந்ததே போதும் என்று அவள் கும்பிட்டாள். அதிலிருந்து அவன் தலைமுடி காயவே இல்லை. சோறு வைத்தால் பார்க்கிறான், தின்பதில்லை. வாய் நிறைய 'தமிழு' என்று கூப்பிடுகிறவன் இப்போது முழுப்பெயரையும் சொல்கிறான்.

"தமிழ்ச்செல்வி. இன்னும் எம்மா நேரம்?"

"தோ, ஆச்சுய்யா. காலைல ஓனரம்மா இந்தப் பதிவெல்லாம் பாக்கணுமாம்."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். பண்ணைக்கு இந்த புரோகிராமைச் செய்துகொடுத்த ரஞ்சித்குமார் சிறுசேரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தான்.

"இன்னாக்கா, கம்ப்யூட்டர் பேஜாரு பண்ணுதா?"

"எழுத்து பாதிலயே நிக்குதுப்பா."

"பொட்டி சின்னது, மேட்டர் பெருசு, அவ்ளோதான். அடிச்சதெல்லாம் உள்ள பத்திரமா கீது, உன் கண்ணுக்குத்தான் காட்டல. லேஅவுட் வியூ போ, பொட்டி அளவ மாத்துற எடம். பொட்டி ஓரத்தப் புடிச்சு இழு. பக்கத்துல போட்டோ மறிச்சா அத்த தள்ளி வுடு."

இழுத்தாள். 'ஓட' என்றிருந்தது 'ஓடவில்லை' ஆனது.

அவள் கை தயங்கியது. ஒரு விரற்கடை அகலத்துக்குள் ஓடிய மோட்டார் நின்றுபோயிருந்தது.

அடுத்த பதிவுக்குப் போனாள். முந்தாநாள் தேதி. சூப்பர்வைசர் தீனதயாளன் அடித்தது. அடித்துவிட்டுப் போனவன் திரும்ப வேலைக்கு வரவில்லை, போனும் எடுப்பதில்லை.

'கிணற்றிலிருந்து மேலே வந்தது முனிசாமி'

முடிந்துவிட்ட வாக்கியம் போலத்தான் இருந்தது. ஆனால் 'மி'க்குப் பிறகு, ஓரத்தோடு ஓரமாக, ஏதோ எழுத்தின் முன்வளைவு மயிரிழையாகத் தெரிந்தது.

இழுக்க வேண்டாம் என்று நினைத்தாள். கை இழுத்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உலர்ந்த முடியும் சிரிப்புமாக இருந்த முனிசாமியின் போட்டோ ஓரமாக நகர்ந்தது.

இ.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

இல்.

ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

இல்லை.

"முழுசா தெரியுதாக்கா? படி, கேக்கறேன்," என்றான் போனில் ரஞ்சித்குமார்.

ஒரே ஆறுதல், முனிசாமிக்கு எழுத்து தெரியாது. வகுப்புக்குக் கூப்பிட்டபோது, 'நீ படிச்சா நான் படிச்ச மாரிதான்' என்று சிரித்தவன். இன்றுவரை கைநாட்டு.

"இன்னா எழுதிகீது?" காதருகே கேட்டது.

"மோட்டாரு... மோட்டாரு ஓடலையாம்."

"அப்ப சரியாய்டுச்சுக்கா. பஸ்ஸு வந்துகினு கீது, வெச்சுடறேன்." போன் அடங்கியது.

அவள் தோளைத் தாண்டி ஒரு விரல் வந்தது. நகத்தடியில் கறுப்பு மணல். திரையில் பதிந்து, அவளைப் போலவே, எழுத்தெழுத்தாக நகர்ந்தது.

"கி... ண... ற்... றி..."

தடவிய இடமெல்லாம் தண்ணீர். கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

பிறகு மவுஸின் மேலிருந்த அவள் கையை ஒரு குளிர்ந்த கை மூடியது. ஓரத்தைப் பிடித்தது. இடப்பக்கம் தள்ளியது. அவசரமே இல்லை. லை போனது. ல் போனது. இ போனது.

"இப்ப சரியா கீது," என்றது.

கரண்டு போனது. ஊது எந்திரம் நின்றது. யூபிஎஸ்ஸின் தயவில் திரை மட்டும் எரிந்தது. மேலே வந்தது முனிசாமி.

இரைச்சல் செத்த அந்த அமைதியில், கிணற்றுப் பக்கமிருந்து, அடியாழத்திலிருந்து, ஒரு குரல்.

"தமிழு..."

அவள் கையின் மேலிருந்த கை இறுகியது.