மெர்லிண்டாவின் அஞ்சல்பெட்டி

அக்காவுக்கு இமெயிலில் அனுப்பிய கடிதம் திரும்பி வந்திருந்தது. பெட்டியில் இடமில்லையாம். ஜோசலினுக்கு அது என்னவோ போலிருந்தது. மெர்லிண்டா எதையும் சேர்த்துவைக்கிறவள் இல்லை. படித்த கடிதத்தை அன்றே அழித்துவிடுவாள்.

அந்த இலவசக் கணக்கைத் திறந்து கொடுத்ததே ஜோசலின்தான், அக்கா குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் முன்பு. பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவளுக்கு வழி தெரியும். வீட்டுக் கம்ப்யூட்டரின் மெயில் புரோகிராமில் அக்காவின் கணக்கையும் சேர்த்து, எல்லாவற்றையும் இங்கே இறக்கிக்கொண்டால் அங்கே இடம் காலியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அதே வீட்டிலிருந்த அக்காவின் கணவன் ரெனாட்டோ வழக்கம்போல் சேவலைத் தூக்கிக்கொண்டு சண்டைக் களத்துக்குப் போயிருந்தான். இலோயிலோ ஊரின் மழை தகரக் கூரையில் இடைவிடாமல் இறங்கிக்கொண்டிருக்க, கொல்லைப் பன்றிக் கொட்டிலின் ஈர வாடையும் அடுப்பில் கொதிக்கும் சோற்றின் மணமும் ஒன்றாகக் கலந்து அறைக்குள் தேங்கியிருந்தன. டெலிபோன் ஒயரை மோடத்தில் செருகினாள். பாஸ்வேர்டு மாறவில்லை, அம்மாவின் பெயர்தான். சர்வரில் ஒரு நகலை விட்டுவைக்கவா என்று கேட்ட கட்டத்தை அவள் தொடவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பழையவை மேலே. முதலாவது, வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனியிடமிருந்து.

'திருமதி மெர்லிண்டா, பன்னிரண்டாம் தேதி விமானத்துக்கு நீங்கள் வரவில்லை. உங்கள் பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கிறது. உடனே கூப்பிடவும்.'

தேதியைப் பார்த்தாள். போன வருடம் மார்ச் பன்னிரண்டு. ரெனாட்டோ தனியாகக் கொண்டுபோய் அக்காவை விமானம் ஏற்றிவிட்டு வந்த நாள். அடுத்த கடிதமும் அவர்களுடையதே. 'உங்கள் இடத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டோம்.'

சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

பதினொரு மாதமாக ஞாயிறு தவறாமல் அக்காவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இங்கே வெயில் அதிகம். போன் செய்ய விடுவதில்லை. ரெனாட்டோ சொல்வதைக் கேள். ஒவ்வொரு கடிதமும் அப்படித்தான் முடியும். ரெனாட்டோ சொல்வதைக் கேள்.

ஞாயிறு தவறாமல்.

டிங் என்றது கம்ப்யூட்டர். புதுக் கடிதம், இந்த முறை ஜோசலினின் பெட்டிக்கு. அனுப்பியது மெர்லிண்டா.

'ஜோசி, என் கடிதமெல்லாம் எங்கே போச்சு?'

ரெனாட்டோ எங்கேயோ ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்து காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாதா கோயில் பக்கத்து இன்டர்நெட் கடையா? அது ஐந்து நிமிட தூரம்.

டிங்.

'வீட்லதான் இருக்கியா?'

டெலிபோனை எடுத்தாள். மோடத்தின் கீச்சொலி காதைக் கிழித்தது. ஒயரைப் பிடுங்கினாள். மறுபடி எடுத்தாள். டயல் டோன். போலீஸ் நம்பர் மறந்துபோனது. வாசலில் ஜீப் நின்றது.

ரெனாட்டோ நனைந்த சேவலை மேஜைக் காலில் நிதானமாகக் கட்டினான்.

"சோறு அடிப்பிடிக்குது பாரு. என்ன வேலை உனக்கு?"

"பரீட்சைப் பேப்பர் அடிச்சிட்டிருந்தேன் அத்தான்."

"ஞாயித்துக்கெழமையிலுமா? ரொம்பத்தான் உழைக்கிற."

ரிசீவரை அவள் கையிலிருந்து மென்மையாக வாங்கினான். அதாலேயே தாடையில் அடித்தான். இரண்டாவது அடியில் உள்ளே ஏதோ முறிந்தது. முடியைப் பிடித்து முகத்தைத் திரையில் மோதினான். கண்ணாடி. ரத்தம். சேவல் படபடத்துக் கத்தியது. அவள் கை மேஜையைத் துழாவியது. கத்தரிக்கோல். அவன் தொடையில் இறக்கினாள். பிடி தளர்ந்தது. ஓடினாள்.

தெருவில் பூசை முடிந்து குடையோடு வந்துகொண்டிருந்தாள் எதிர்வீட்டு பசீத்தா. ஜோசலின் அவள் மேல் போய் விழுந்தாள். சொல்ல வாய் திறந்தாள். தாடை தொங்கியது. ஒரு எழுத்துகூட வரவில்லை.

"ஜோசி? என்னம்மா ஆச்சு உனக்கு?"

"வலிப்பு, மனாங்." மூத்த அக்காவைக் கூப்பிடுவதுபோல் பசீத்தாவைக் கூப்பிட்டபடி பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தான் ரெனாட்டோ. அவன் கண்களில் நிஜமாகவே நீர் இருந்தது. "மேஜையில மோதி விழுந்துட்டா. பிடிக்கப் போன என்னையே குத்திட்டா பாருங்க. கொஞ்சம் கால் பக்கம் பிடிங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்."

பசீத்தாவின் வெள்ளைச் சட்டையில் ரத்த விரலால் அக்காவின் பெயரை எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்து முடிவதற்குள் பசீத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே கண்ணு. அத்தான் இருக்காரில்ல."

இன்னும் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். உதறினாள். வலிப்புதான் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஜீப்பின் பின்பக்கம் படுக்கவைத்தார்கள். கதவில் மாட்டாதபடி அவள் பாவாடையை ஒதுக்கிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, பசீத்தாவே கதவைச் சாத்தினாள்.

வண்டி நகர்ந்தது. ஆஸ்பத்திரிக்கு இடது பக்கம் போக வேண்டும். ரெனாட்டோ வலது பக்கம் திருப்பினான்.

கதவைத் தடவினாள். உள்ளே கைப்பிடி இல்லை. அது இருந்த இடத்தைச் சுற்றிலும் தகரத்தில் நகத்தால் சுரண்டிய கோடுகள். பத்து, இருபது, அதற்கும் மேல். எல்லாவற்றிலும் துரு ஏறியிருந்தது.