சுண்ணாம்புத் தொட்டி

வரைபடத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது.

திண்டுக்கல்லுக்கு வெளியே, குளக்கரையில் பத்தொன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த தோல் ஷாப்பை, அந்தத் தோல் பதனிடும் ஆலையைப் பூங்காவாக மாற்றப் போகிறார்கள். அங்கே என்னென்ன வர வேண்டும் என்று சுற்றுவட்டாரத்து ஜனங்களிடமே கேட்டு எழுதி வாங்குவது பவித்ராவின் வேலை. ஒரு காலத்தில் அய்யலூர்ச் சந்தை ஆடுகளின் தோலெல்லாம் காய்ந்த கொட்டகையில் நாற்காலி போட்டு, தரையில் வரைபடத்தை விரித்து, ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்திருந்தாள். நடைபாதை, ஊஞ்சல், கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக உடற்பயிற்சிக் கூடம் என்று எழுதி ஒட்டிவிட்டு, எல்லோரும் வெளியே டீக்குடிக்கப் போயிருந்தார்கள்.

ஐந்து மணிக்குத் தீர்மானத்தை வாசிக்க வேண்டும். ஒரே ஒரு மறுப்பு வந்தாலும் கூட்டத்தை இன்னொரு நாள் வைக்க வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. மூன்றாவது முறையும் தள்ளிப்போனால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

ஈரச் சீட்டு, ஆட்டுத்தோலை முடி உதிர ஊறப்போட்ட சுண்ணாம்புத் தொட்டிகள் இருந்த மூலையில் ஒட்டியிருந்தது. மை பரவிய எழுத்து. 'மூடாதீங்க. ஆள் இருக்கு.'

"பாய், இத யாரு ஒட்டுனது?"

வாட்ச்மேன் நூர் முகமது குனிந்து பார்த்தார். தோல் ஷாப் ஓடிய காலத்திலிருந்தே அங்கே இருப்பவர். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"கழுவுறதுக்குன்னு மூணு பேரு அந்தத் தொட்டியில எறங்குனாக. விசவாயு. ஒருத்தரும் ஏறல. தொட்டிய மூடிட்டு, மூணு பேரும் ஊர விட்டு ஓடிட்டாகன்னு மொதலாளி எழுதி, அன்னிக்கும் இதே மாதிரி கூட்டம் போட்டுத்தேன் சரியான்னு கேட்டாக. எல்லாருந்தேன் கை தூக்குனோம். எனக்கும் வேலை வேணும்ல." கடைசி வரிசையைக் கண்ணால் காட்டினார். "அந்தா இருக்கே ஒச்சம்மா, அது வீட்டுக்காரரு சோலைமுத்து அதுல ஒருத்தரு."

டீக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள் ஒச்சம்மாள். பவித்ரா அருகில் போனாள்.

"அம்மா, நீங்க எழுதுனதா?"

"எனக்கு எழுதத் தெரியாது தாயி. அவருக்குத்தேன் தெரியும்."

பவித்ரா திரும்பி வந்தாள். சீட்டை உரித்தாள். கைக்குள் கசக்கித் தோள்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மனசு கேட்கவில்லை. போய் ஒரு பார்வை பார்த்துவிடலாம், காய்ந்து கிடக்கும், செய்தது தப்பில்லை என்றாகிவிடும் என்று நினைத்தாள். மணி நாலரை. வெயில் இன்னும் இறங்கவில்லை.

தொட்டிகள் இருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே, மழையே காணாத அந்த மாசியில், வெளியே கருவேலங்காடு காய்ந்து சடசடக்கும் அந்த வேளையில், நேற்றுத்தான் கரைத்து ஊற்றியது போல் சுண்ணாம்பு வாடையும், அதற்கடியில் ஊறிய ஆட்டுத்தோலின் கனத்த கொழுப்பு நாற்றமும், ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கில் ஏறித் தொண்டையில் படிந்தன. தகரத்தின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் வட்டங்கள் தரையில் அசையாமல் கிடந்தன. சிமெண்டுப் பலகைகள் தொட்டிகளை மூடியிருந்தன. கடைசித் தொட்டியின் பலகை மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. உள்ளே தண்ணீர் மெல்லச் சலம்பியது, யாரோ துணி அலசுவது போல.

விளிம்பில் மண்டியிட்டுச் செல்போன் வெளிச்சத்தைக் கீழே பாய்ச்சினாள். வெள்ளை நீர். வேறொன்றுமில்லை. மூச்சு விட்டாள்.

விளிம்பு பொரிந்து உதிர்ந்தது.

விழுந்ததில் அடி ஒன்றும் படவில்லை. இடுப்பளவு நீர். போன் மூழ்கி அணைந்துவிட்டது. கையை உயர்த்தி எக்கிப் பார்த்தாள். விளிம்பு இரண்டு முழம் மேலே இருந்தது. சுவர் பாசி போல் வழுக்கியது. பிடிக்க ஒரு பிளவுகூட இல்லை. கால் எரியத் தொடங்கியது.

"பாய்! நூர் பாய்!"

முப்பது அடி தள்ளித்தான் கூட்டம். நாற்காலிகள் இழுபடுவது கேட்டது. மைக் கீச்சிட்டது. தேடுவார்கள், தான் இல்லாமல் கூட்டத்தை எப்படித் தொடங்குவார்கள் என்று தேற்றிக்கொண்டாள்.

"எல்லாரும் வந்துட்டீங்களா? ஆரம்பிக்கலாமா?"

அவளுடைய குரல்.

வாக்கியத்தின் முடிவில் லேசாக இழுக்கும் அதே சின்னாளபட்டி இழுப்பு. இடையில் அவளுக்கு வரும் அதே செருமல். ஜனங்கள் "ஆரம்பிங்க" என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

பவித்ரா கத்தினாள். சுவரை அறைந்தாள். கத்தல் தொட்டிக்குள்ளேயே சுற்றி அவள் காதுக்கே திரும்பியது.

மேலே அந்தக் குரல் நிதானமாக வாசித்தது. நடைபாதை. ஊஞ்சல். கழிப்பறை. "பழைய தொட்டிகள எல்லாம் இன்னைக்கே பலகை போட்டு மண்ணடிச்சு மூடிரலாம். மறுப்பு யாருக்காச்சும் இருக்கா?"

"இருக்கு!" தொண்டை கிழிந்தது. "எனக்கு இருக்கு! இருக்கு!"

மேலே அமைதி. மின்விசிறிச் சத்தம்.

"மறுப்பு ஏதுமில்லை."

கைதட்டினார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் தண்ணீர் அசைந்தது.

திரும்பினாள். மூலையில் மூன்று முதுகுகள். சுவரைப் பார்த்து நின்றன. தலையில் ஒரு முடி இல்லை. வெள்ளை வெளேரென்று ஊறி, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல். அவை அசைந்தன. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, சற்றே நகர்ந்தன.

அவளுக்கு இடம் விட்டன.

மேலே நிழல் விழுந்தது. விளிம்பில் ஒச்சம்மாள் குனிந்து நின்றாள். பார்த்துவிட்டாள். நேராக, பவித்ராவின் கண்ணையே.

"அம்மா... தூக்குங்கம்மா..."

ஒச்சம்மாளின் பார்வை அவளைத் தாண்டி மூலைக்குப் போனது. முகம் இளகியது. வீட்டு வாசலில் நின்று பேசுவது போல் சொன்னாள்.

"ஏங்க, பாவம், சின்னப் புள்ள. பயந்துக்கும். கையப் புடிச்சுக்கங்க."

பலகை உராய்ந்தது. வெளிச்சம் ஒரு சாண். நாலு விரல். ஒரு கோடு.

இருட்டில், நீருக்கடியில், ஊறிய தோலின் மென்மையோடு ஒரு கை வந்து அவள் கையைத் தேடியது. விரல்களுக்கிடையே விரல்களைக் கோத்துக்கொண்டது.

மேலே முதல் கூடை மண் விழுந்தது.