பச்சை நூல் கட்டிய பென்டிரைவ்

புதிதாக எழுதிய லைவ் லினக்ஸில் யாருடைய கோப்பும் இருக்கக் கூடாது. பென்டிரைவிலிருந்து அது அந்த நேரத்துக்கு மெஷினின் மெமரியில் ஏறி ஓடும், அணைத்தால் சுவடில்லாமல் போய்விடும், அவ்வளவுதான் அதன் ஆயுசு. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், வீட்டின் முன்னறையையே கடையாக்கிக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தமிழ்மணி இதுவரை எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறான். எல்லாம் காலியாகத்தான் திறக்கும். இதில் மட்டும் ஒரு ஆடியோ கோப்பு இருந்தது. அதற்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண்கள்.

மெஷின் பழமலைநாதனுடையது. பீங்கான் பொம்மை கம்பெனி நடத்துகிறவர். விண்டோஸ் ஏறவில்லை என்று காலையில் கொண்டுவந்து வைத்தவர், மதியத்துக்குள் நாலு தடவை போன் அடித்துவிட்டார். அந்த அவசரத்தில்தான் தமிழ்மணி மேஜை மேல் கிடந்த பென்டிரைவை எடுத்து லினக்ஸை எழுதினான். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று திரையில் கேட்டது. தினமும் கேட்கிற கேள்வி. தினமும் போலவே படிக்காமல் சரி என்று தட்டிவிட்டான்.

இப்போது அந்தக் கோப்பை ஓட விட்டான்.

"பெண்ணாடத்துல கரும்பு டிராக்டர் போச்சுல்ல, நான் ஒண்ணு புடிச்சு இழுத்தேன், வரவே இல்ல..."

அவன் மகளின் குரல். குனிந்து பார்த்தான். மெஷினில் செருகியிருந்த பென்டிரைவில் பச்சை நூல் கட்டியிருந்தது. அவனுடையதும் இதுவும் ஒரே நாளில் வாங்கியவை, அடையாளத்துக்கு நூல் கட்டியது அவன் மனைவி அம்புஜவல்லி. காலையில் டிவியைத் துடைக்கும்போது அவன்தான் இதைக் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறான்.

அவர்களுடைய மகள் கவிப்ரியா நாலு வயதில் காய்ச்சலில் போனாள். மூன்று வருஷம் ஆகிறது. அவள் குரல் இருந்த செல்போன் கெட்டுப்போய், மிஞ்சியது இந்த பென்டிரைவில் உள்ளது மட்டும்தான். அம்புஜவல்லி பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறாள். சாயங்காலம் வந்ததும் கை கழுவக்கூட மாட்டாள், முதலில் டிவியில் இதைப் போட்டுக் கேட்பாள், பிறகுதான் டீ. ஊருக்கெல்லாம் பேக்கப் எடுங்கள் என்று புத்தி சொல்கிற தமிழ்மணி இதற்கு ஒரு நகல் எடுக்க எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தான். "என் பொண்ண நகலெடுக்க வேணாங்க" என்று ஒரே பிடியாக நின்றாள். இன்று இது அழிந்தது தெரிந்தால் அவள் பிழைக்க மாட்டாள்.

எப்படியோ ஒன்று தப்பியிருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டான். வேறு பென்டிரைவில் அதை நகலெடுத்துப் போட்டான். அளவு பூஜ்யம். மறுபடியும் போட்டான். பூஜ்யம். எழுந்து வாசல்வரை போய் வந்தான், தண்ணீர் குடித்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது, சூளைப் புகையின் நெடி காற்றில் இறங்காமல் அப்படியே தொங்கியது, ஸ்டேஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக இடித்துக்கொண்டு நகர்ந்து, வெகுநேரம் நகர்ந்து, ஓய்ந்தது.

சரியாகக் கேட்போம் என்று மீண்டும் ஓட விட்டான். வரவே இல்ல என்று குழந்தை சொன்னதும் அம்புஜவல்லி சிரிக்க வேண்டும். பல நூறு தடவை கேட்ட சிரிப்பு. அது வரவில்லை. அந்த இடத்தில் குழந்தை மூச்சு விடுகிற சத்தம், அதற்குப் பின்னால் ஃபேன் சத்தம். சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று தட்டும் ஃபேன்.

தலைக்கு மேலே பார்த்தான். டக். போன கோடையில் வாங்கிய ஃபேன் அது.

கோப்பை நிறுத்தினான். போன் அடித்தது, பழமலைநாதன்.

"என்னா தம்பி, மெஷினு ஏறிச்சா?"

"ஏறிடுச்சுங்க அண்ணே. கொஞ்சம் டைம் குடுங்க."

"சரி சரி. வூட்ல விருந்தாளிங்களா? கொழந்த பேசுற சத்தம் கேக்குது."

"இல்லீங்களே."

"பக்கத்துலயே கேக்குது தம்பி. ஒங்களத்தான் கூப்புடுது."

போனை வைத்தான். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். திரையைப் பார்க்க மனசு வரவில்லை. பார்த்தான். இப்போது இரண்டு கோப்புகள்.

அவன் தொடவில்லை. அது தானே ஓடியது.

"அப்பா."

அதே குரல். ஆனால் நாலு வயசுக் குரல் இல்லை. ஏழு வயசு இருக்கும். இருந்திருந்தால் இந்த ஆடிக்கு ஏழு.

"அப்பா, மழ வந்துடுச்சு."

தகரத்தில் முதல் துளி விழுந்தது, அடுத்த நொடியே சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"அம்மா கேட்டத் தொறக்கிறாங்க."

கேட் அமைதியாக இருந்தது. பிறகு கிறீச்சிட்டது.

அம்புஜவல்லி நனைந்த தலையோடு, கையெல்லாம் வர்ணத்தோடு உள்ளே வந்தாள். டிவி பக்கம் போனவள் பாதியில் நின்றாள்.

"அம்மா" என்றது ஸ்பீக்கர்.

அவள் திரும்பினாள். முகம் மலர்ந்தது. மூன்று வருஷமாக அவன் பார்க்காத மலர்ச்சி. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அவள் மெஷினருகே மண்டியிட்டு, ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"வல்லி, தள்ளு. இது நம்ம கொழந்த இல்ல."

"எடுக்காதீங்க. கை எடுங்க."

"சொன்னா கேளு."

"அவ பேசுறாங்க. எங்கிட்ட பேசுறா."

"அப்பா" என்றது அது. குரல் இப்போது அவசரப்பட்டது. "இதப் புடுங்காதீங்கப்பா. புடுங்கிட்டா நான் எங்க"

பிடுங்கினான்.

திரை உறைந்தது. கறுத்தது. சத்தம் அறுந்தது. மழை. மழை மட்டும்.

பென்டிரைவ் அவன் உள்ளங்கையில் சுட்டது. கீழே போட்டான். அம்புஜவல்லி அழுவாள், அடிப்பாள், அடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவள் அழவில்லை. மண்டியிட்டபடியே இருந்தாள். முதுகு ஒரு தடவை குலுங்கியது.

மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். கண்கள் அவளுடையவைதான். மிரண்டு, நீர் கட்டி, என்னமோ செய்யுங்கள் என்று அவனைக் கெஞ்சின. வாய் திறந்தது.

"போயி இருப்பேன்ப்பா?" என்றது ஏழு வயசுக் குரல்.

வர்ணம் அப்பிய இரண்டு கைகளாலும் அம்புஜவல்லி தன் வாயை இறுக்கிப் பொத்தினாள். விரல்களுக்குள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.