ராணி தலை போட்ட வெள்ளிக் கரண்டி

"மேடம், எங்கம்மா திருடியிருப்பாங்களோன்னு எனக்கே பயமா இருக்கு."

சொன்ன பிறகுதான் காயத்ரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். செத்துப்போன தாயைப் பற்றிப் பெற்ற மகளே சொல்கிற வார்த்தையா இது? சிதம்பரம் மேலவீதி மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் சௌந்தரம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டாள். அவளுடைய கொழுந்தனும் உதவியாளனுமான பாலகுமார்தான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

விஷயம் இதுதான். அம்மா விட்டுப்போன பழைய வெள்ளிக் கரண்டியை, யார் செய்தது, எந்தக் காலத்தது என்று கேட்கக் கடலூரில் ராஜவேலின் பழம்பொருள் கடையில் கொடுத்திருந்தாள் காயத்ரி. ஒரு வாரம் கழித்துப் போனால், "இது எங்க பூட்டனார் ஸ்பூன். அவர் பேர் வெட்டியிருக்கு. எங்க வீட்ல சமைச்சப்ப உங்கம்மா திருடிட்டா. பேசாம போயிடு, இல்லன்னா போலீசுக்குப் போவேன்" என்கிறான்.

"நான் பொறந்தப்ப வெள்ளைக்கார டாக்டரம்மா குடுத்ததுன்னு அம்மா சொல்வாங்க. ஆனா அந்த வீட்ல சமைச்சதும் நெசந்தான் மேடம்."

"ஸ்பூனையே மாத்தியிருப்பான், அண்ணி!" என்றான் பாலகுமார்.

"பாக்காம சொல்லாத, பாலு. ஏம்மா, அத வீட்ல வெளக்குவீங்களா?"

"அம்மா தொட விடமாட்டாங்க. துணியில சுத்தியே இருக்கும். கன்னங்கரேல்னு கெடந்துச்சு. பேர் இருந்துச்சான்னுகூட நான் பாத்ததில்ல."

மறுநாள் மூவரும் போனபோது ராஜவேல் கடையில் நல்ல கூட்டம். அவன் தயங்காமல் கரண்டியை எடுத்து நீட்டினான்.

சௌந்தரம் பூதக்கண்ணாடியை வைத்துக் காம்பின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"சிறுத்தை முகம், லண்டன் முத்திரை. பக்கத்துல வரி கட்டினதுக்கான ராணி தலை. அந்தத் தலைய 1890க்கு அப்புறம் அடிக்கறதில்ல. இந்த ரெண்டு எழுத்து செஞ்சவரோடது."

"அதேதான்! பூட்டனார் லண்டன்லேர்ந்து வரவழைச்சு, கையோட பேர் வெட்டினது" என்று ராஜவேல் சிரித்தான்.

காயத்ரி கரண்டியிலிருந்து கண்ணை எடுத்தாள். போச்சு. அம்மா திருடிதான். போலீஸ் கேஸ் ஆனால், தான் பார்க்கிற லேப் வேலையும் போய்விடும்.

"பேரும் அப்பவே வெட்டினதா?" என்று கேட்டாள் சௌந்தரம்.

"ஆமா. நூத்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு."

"பாலு, முத்திரைக் குழியில என்ன தெரியுது?"

"கருப்பு அடைஞ்சிருக்கு, அண்ணி."

"பேர் வெட்டின குழியில?"

பாலகுமார் குனிந்தான். "பளபளன்னு இருக்கு!"

"நான்தான் பாலிஷ் போட்டேன்" என்றான் ராஜவேல் அவசரமாக.

"பாலிஷ் போட்டா மேல்பக்கம்தான் மொதல்ல வெளுக்கும். இங்க மேல்பக்கமும் கருப்பு, முத்திரையும் கருப்பு. ரெண்டும் சேந்து வயசானது. பேர் மட்டும் போன வாரம் பொறந்திருக்கு. உங்க வீட்டு ஸ்பூனா இருந்தா, நீங்க புதுசா பேர் வெட்ட வேண்டிய அவசியம் என்ன?"

ராஜவேல் சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தான். கரண்டியைக் காயத்ரி பக்கம் தள்ளினான். "எடுத்துக்கிட்டுப் போம்மா."

காயத்ரி கரண்டியைத் தொடவில்லை.

"எங்கம்மா திருடலன்னு சொல்லுங்க சார். இல்லன்னா நானே போலீசக் கூப்பிடுறேன்."

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜவேல் தலையைக் குனிந்து ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல சார்" என்றாள் காயத்ரி.