மஞ்சள் கறை சிவந்தபோது

"உப்பைத் தண்ணியில கரைச்சா அந்தத் தண்ணி அமிலமாகுமா, காரமாகுமா? நீ சொல்லு பாப்போம்!"

பத்தாம் வகுப்பில் டீச்சர் அவளைக் கேட்ட கேள்வி அது. எழுந்து நின்றாள். "ரெண்டும் இல்ல டீச்சர்..." என்று முனகினாள்.

"எந்த உப்புன்னு என்னைத் திருப்பிக் கேட்டிருக்கணும். சரி, நாளைக்குச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

அந்த நாளை வரவே இல்லை. அன்று மாலை அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அக்காவும் மாமாவும் வந்து அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மாமாவின் சலவைக்கடையில், ஆவி பறக்கும் துணிகளுக்கு நடுவே, அவள் படிப்பு அப்படியே நின்றுபோனது.

சில வருடங்கள் கழித்து ஒரு மழை நாள்...

எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரன் நனைந்தபடி ஓடி வந்தான். கையில் அவனுடைய வெள்ளைக் கோட்டு. மார்புப் பக்கம் மஞ்சள் தூள் கறை.

"ஏங்க, இது போகுமா? சாயங்காலம் பெரிய டாக்டர் ஒருத்தர் கடைக்கு வர்றார்."

அவன் இமைகளில் மழைத்துளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பேச வரவில்லை. வேலையாவது வரட்டும் என்று சலவை சோடா கரைத்த தண்ணீரைக் கறைமேல் ஊற்றினாள்.

மஞ்சள், ரத்தச் சிவப்பாக மாறியது!

"அடப்பாவமே! கறையோட கொடுத்தேன், கத்திக்குத்தோட வாங்கறேனே!"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மாமாவுக்குத் தெரிந்தால்...

"அய்யோ, அழாதீங்க. சும்மா சொன்னேன். ஒரு நிமிஷம்!"

மறுபடி மழையில் ஓடினான். படிகாரத்தோடு திரும்பி வந்தான். அதைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டான். சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது.

"சோடாவும் உப்புதாங்க, படிகாரமும் உப்புதான். சோடா தண்ணியைக் காரமாக்கும். படிகாரம் அமிலமாக்கும். மஞ்சளுக்குக் காரம் பட்டா முகம் சிவந்துடும்."

அவள் நிமிர்ந்தாள். அத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கேள்வி தானாக வெளியே வந்தது.

"ரெண்டும் உப்புன்னா... எது எப்படி ஆகும்னு முன்னாடியே எப்படிங்க தெரியும்?"

அவன் அவளையே பார்த்தான். இந்தப் பெண்ணுக்குப் பேச வருமா! இவ்வளவு பெரிய கண்களை இவ்வளவு நேரமும் எங்கே வைத்திருந்தாள்...

"அப்பா அம்மா யாருன்னு விசாரிக்கணும்" என்று சிரித்தான். "ஒவ்வொரு உப்பும் ஒரு அமிலத்துக்கும் ஒரு காரத்துக்கும் பொறந்த பிள்ளை. ரெண்டுல யார் கை ஓங்கியிருக்கோ, தண்ணி அந்தப் பக்கம் சாயும்."

கறை கடைசிவரை முழுசாகப் போகவில்லை. அதை வெளுக்க வைக்கும் சாக்கில் அவன் வாராவாரம் வந்தான். வரும்போதெல்லாம் காகிதத்தில் மடித்து ஏதோ ஒரு உப்பு. அவளும் இரண்டு துண்டுத் துணிகள் தயாராக வைத்திருப்பாள். ஒன்று மஞ்சள் நனைத்தது. இன்னொன்று அதே மஞ்சளைச் சோடாவில் சிவக்க வைத்தது. உப்புத் தண்ணீர் காரமென்றால் மஞ்சள் துணி சிவக்கும். அமிலமென்றால் சிவப்புத் துணி மஞ்சளாகும்.

"இன்னிக்கு நவச்சாரம். சொல்லுங்க பாப்போம்."

"அப்பா யாரு?"

"ஹைட்ரோகுளோரிக் அமிலம். மகா முரடு."

"அம்மா?"

"அம்மோனியா. வாசம்தான் ஆளைத் தூக்கும், மத்தபடி சாது."

"அப்ப அப்பா கைதான் ஓங்கியிருக்கு... தண்ணி அமிலம்!"

சிவப்புத் துணி மஞ்சளாயிற்று. அவன் தோற்ற முகத்தோடு ஒரு இருமல் மிட்டாயை நீட்டினான்.

"எனக்கு இருமலே இல்லையே..."

"வரும்போது சாப்பிடுங்க. ஜெயிச்சவங்களுக்குப் பரிசு வேண்டாமா?"

அவள் சிரித்தாள். அன்று துணி மடிக்கும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் அவன் மிட்டாய் தரவில்லை. குரலைத் தாழ்த்தி, "உங்க மாமாகிட்ட வந்து பேசட்டுமா?" என்றான்.

பின்பக்கம் அக்கா இஸ்திரி போடும் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா எப்படிப் பாடுவாள்! மாமா கெட்டவர் இல்லை. மனைவியின் தங்கச்சிக்கும் சேர்த்துச் சோறு போடுகிற மனிதர். சத்தம்தான் அவருக்குப் பிடிக்காது. அக்கா பாடுவதை விட்டுவிட்டாள். பேசுவதையும் பாதி விட்டுவிட்டாள்.

"வேண்டாங்க" என்றாள். "யார் கை ஓங்கியிருக்கோ தண்ணி அந்தப் பக்கம் சாயும்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க அக்கா அப்படித்தான் இருக்கா. நீங்க படிச்சவர், நாலு பேர்கிட்ட பேசத் தெரிஞ்சவர். நான் இருந்த இடம் தெரியாம கரைஞ்சு போயிடுவேன்."

அவன் முகம் வாடியது. தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்... எதிர்ச்சாரியைப் பார்க்கக்கூடாது என்று இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு மதியம் வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது.

"கடைசியா ஒரு உப்பு" என்று பொட்டலத்தைப் பிரித்தான்.

"இது சாப்பாட்டு உப்பு! இதுகூடத் தெரியாதா?"

"சொல்லுங்களேன்."

"ரெண்டு துணியும் மாறாது."

"ஏன்? அப்பா அம்மா ரெண்டும் சாதுவா?"

"இல்ல..." அவள் யோசித்தாள். "ரெண்டும் முரடு. அதனால எந்தப் பக்கமும் சாயல."

"நான் அதைத்தாங்க கேக்கறேன். நீங்க சாதுன்னு யார் சொன்னது? உங்ககிட்ட நான் தோத்த கணக்கு எனக்குத்தான் தெரியும். உங்களைக் கரைக்க வரல. உங்களுக்குச் சரிசமமா நிக்க முடியுமான்னு பயந்துதான் ரெண்டு வாரம் வராம இருந்தேன்."

அவள் விரல்கள் துணியைப் பிசைந்தன. பதில் நாக்கு நுனிவரை வந்தபோது...

"என்ன நடக்குது இங்க?"

வாசலில் மாமா!

"சார், தப்பு என்மேலதான்..." என்று அவன் ஆரம்பித்தான்.

"நீங்க இருங்க. நான் சொல்றேன்." பேசியது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

மாமா பின்பக்கம் திரும்பினார். "பாத்தியா உன் தங்கச்சியை?"

அக்கா தரையைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவ சொல்லட்டுங்க. இந்த வீட்ல ஒருத்தி வாயை மூடிக்கிட்டது போதும்."

மாமா அக்காவையே பார்த்தபடி நின்றார். அப்படி அவர் அவளைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ...

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு மாமா" என்றாள் சின்னவள். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. "நீங்க வேண்டாம்னாலும் பிடிச்சுத்தான் இருக்கும். ஆனா நீங்க சரின்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு."

மருந்துக்கடைக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தெரியாமல் சுவரைப் பார்த்தான்.

மாமா மூலையிலிருந்த ஸ்டூலை எடுத்தார். அதன்மேல் கிடந்த துணி மூட்டையை இறக்கினார், தோள் துண்டால் தூசியைத் தட்டினார், அந்தப் பையன் முன்னால் போட்டார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, காபி வாங்கத் தூக்குச்சட்டியோடு வெளியே போனார்.